புதியவர்களை வைத்து மருந்துக்கடை நடத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலை 6 மணிக்கு மேல், மருத்துவரைப் பார்த்துவிட்டு வருபவர்கள் சீட்டும் கையுமாகக் கடை வாசலில் நெருக்கியடிக்கும் நேரத்தில், வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமே ஆன தம்பியைக் கவுண்டரில் நிறுத்தி, "போகப் போகப் பழகிவிடும்" என்று விட்டுவிடுவதுதான் நம் மருந்துக்கடைகளில் நடக்கும் முதல் தவறு. மளிகைக்கடையில் அப்படிப் பழகலாம். ரவைக்குப் பதில் மைதா போனால் வீட்டில் பிரித்ததும் தெரிந்துவிடும். மாத்திரை மாறினால் பெரும்பாலும் விழுங்கிய பிறகுதான் தெரிகிறது. ஆகவே முதல் சில வாரங்கள் அவருக்கு மதிய நேரத்து வேலைகளையே கொடுக்க வேண்டும். வந்த சரக்கைப் பில்லோடு ஒத்துப் பார்ப்பதும், காலாவதித் தேதி பார்த்து அடுக்குவதும்தான் மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் சேர்த்துப் படிக்கக் கண்ணைப் பழக்குகின்றன.

சீட்டுக்கு வழங்கும் மருந்து பதிவுபெற்ற மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையில்தான் கைமாற வேண்டும் என்பது 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் நிபந்தனை. சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு மருந்தாளுநர் கல்லாவில் உட்கார்ந்திருப்பது மேற்பார்வை ஆகாது.

எங்கள் கடையில் ஒருமுறை, சேர்ந்து இரண்டு மாதமான ஒரு தம்பி, மில்லிக்கு 100 யூனிட் கொண்ட இன்சுலின் குப்பியோடு சிவப்பு மூடி சிரிஞ்சை எடுத்து வைத்தார். சீட்டில் இருந்த மருந்துதான். ஆனால் சிவப்பு மூடி, மில்லிக்கு 40 யூனிட் கொண்ட குப்பிக்கு உரியது. 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சுதான் வேண்டும். மருந்து வாங்க வந்த அம்மா சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை, அதாவது அரை மில்லி, இழுத்திருந்தால், உடம்புக்குள் போயிருப்பது 50 யூனிட். பையில் போடும் முன் கண்ணில் பட்டதால் தப்பினோம். இரண்டு வகை சிரிஞ்சுகளையும் ஒரே டப்பாவில் கொட்டி வைத்திருந்தது நான். எனவே தவறும் என்னுடையதுதான். இப்போது ஒவ்வொரு வகை சிரிஞ்சையும் அதற்குரிய குப்பியின் பெயரெழுதிய தனிப் பெட்டியில் வைத்திருக்கிறோம்.

குழந்தைகளின் காய்ச்சல் மருந்திலும் இதே ஆபத்து உண்டு. பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பொதுவாக ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 250 மில்லிகிராம்தான். "இரண்டும் ஒரே மருந்துதான்" என்று நாம் அவசரத்தில் சொல்வதை, புதியவர் அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய தவறாகப் படுவது, கூட்டத்தின் முன்னால் புதியவரைத் திட்டுவது. "இதுகூடப் படிக்கத் தெரியாதா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டால், மறுநாள் கையெழுத்து புரியாத சீட்டு வரும்போது அவர் நம்மிடம் கொண்டுவர மாட்டார், முதல் இரண்டு எழுத்தைப் பார்த்து ஊகித்து, பக்கத்தில் இருக்கும் அட்டையை உருவிவிடுவார். எத்தனை பேர் காத்திருந்தாலும், சந்தேகம் என்று அவர் சீட்டை நீட்டினால் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். தேவையானால் நோயாளியிடம் எதற்காக மருத்துவரைப் பார்த்தார் என்று கேட்க வேண்டும். அப்போதும் தெளியாவிட்டால் மருத்துவருக்கே போன் செய்ய வேண்டும்.

எழுதிய மருந்து இருப்பில் இல்லாதபோது வேறு கம்பெனி மாத்திரையைக் கொடுக்கும் பழக்கத்தைப் புதியவர் நம்மைப் பார்த்தே கற்கிறார். மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய அட்டவணை எச் மருந்துகளில் அதே மூலப்பொருள் இருந்தாலும் மாற்றித் தர விதி இடமளிக்கவில்லை என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அட்டையை வெட்டும்போது தேதியும் பேட்ச் எண்ணும் இருக்கும் பக்கத்தைக் கடைசி வரை விட்டுவைக்கவும் அன்றே காட்டிக்கொடுக்கலாம்.

2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள எச்1 பட்டியல் மருந்துகளுக்கான (விற்பனையைத் தனியாகப் பதிய வேண்டிய சில ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து போன்றவை) பதிவேட்டை, கடை சாத்தும்போது நினைவிலிருந்து எழுதச் சொல்லவே கூடாது. மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகிய நான்கையும், சீட்டு கையில் இருக்கும்போதே, பில் போடும் முன் அவர் எழுத வேண்டும். எழுதியதை அப்போதே நாம் பார்க்க வேண்டும்.