பழைய ஸ்விஃப்ட் டீசல்ல பவர் ஏத்தணுமா? முதல்ல இதப் பாருங்க

1.3 டிடிஐஎஸ் இஞ்சின், 75 பிஎஸ் பவர், 190 என்எம் டார்க் (சுழற்றுற விசை), இதுக்கு ரீமேப் (இஞ்சின் கம்ப்யூட்டரோட சாஃப்ட்வேர மாத்தி பவர் ஏத்துறது) போடலாமான்னு நிறைய பேரு கேக்குறாங்க, போடலாம், ஆனா அது கடைசி வேலைங்க. முதல்ல டர்போவுலேர்ந்து (இஞ்சினுக்குள்ள காத்த அழுத்தி அனுப்புற பாகம்) போற ஹோஸ் எல்லாத்தையும் கையால தடவிப் பாருங்க, ஜாயின்ட் கிட்ட எண்ணெய்ப் பிசுக்கு கெட்டியா இருந்தா அங்க காத்து லீக் ஆகுதான்னு செக் பண்ணுங்க, லீக் இருந்தா அதச் சரி பண்ணாலே வண்டி பாதி உசுரு வந்த மாதிரி இழுக்கும். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் மாத்திடுங்க.

அடுத்து கிளட்ச். நாலாவது கியர்ல 2000 ஆர்பிஎம்ல போகும்போது ஆக்சிலேட்டர ஃபுல்லா மிதிங்க, ஆர்பிஎம் மட்டும் சர்ருனு ஏறி ஸ்பீடு ஏறலன்னா கிளட்ச் ஸ்லிப் ஆகுது, அந்த நிலைமைல ரீமேப் போட்டா டார்க் தாங்காம சீக்கிரமே போயிடும். நான் அவசரப்பட்டு போட்டு மூணு மாசத்துல கிளட்ச் செட்டே மாத்துனேன்.

டயரும் பிரேக்கும் நல்லா இல்லாம பவர் மட்டும் ஏத்தாதீங்க, ப்ளீஸ். சென்சார ஏமாத்தி பவர் ஏத்துற மலிவான டியூனிங் பாக்ஸ் வேண்டவே வேணாம். ரீமேப் போடுறவர்கிட்ட இஞ்சின் கம்ப்யூட்டரோட ஒரிஜினல் ஃபைல் காப்பி கட்டாயம் வாங்கி வைங்க, கரும்புகை வந்தா டீசல் அதிகமாப் போகுதுன்னு அர்த்தம், உடனே குறைக்கச் சொல்லுங்க.