சரிவுக் கொல்லையில் வரப்பு: கண் அளவை நம்ப வேண்டாம்

பென்னாகரம், அரூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மானாவாரிக் கொல்லைகள் பலவற்றில் செம்மண் ஒரு முழம்கூட இருக்காது. அதற்குக் கீழே சரளை, பிறகு பாறை. கோடை மழைத் தண்ணீர் செக்கச்செவேலென்று ஓடையில் இறங்கினால் போவது மேல்மண். நீங்கள் அடித்த எருவும் அதோடு போகிறது. சரளை தலைகாட்டிய இடத்தில் கேழ்வரகு தூர்கட்டாது, சாமை பதராகும். போன மண்ணைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை, இருப்பதையாவது நிறுத்த வேண்டும்.

வரப்பு போட்டும் உடைந்துபோகிறது என்பார்கள். பெரும்பாலும் கண் அளவில் போட்டதுதான் காரணம். வரப்பு ஒரு சாண் தாழ்ந்த இடத்தில் மொத்தத் தண்ணீரும் கூடி, அங்கேயே அறுத்துக்கொண்டு போகும்.

மட்டம் பார்க்க ஏழடி மூங்கில் இரண்டும் நாலடிக் குச்சி ஒன்றும் போதும். மூங்கில்களின் தலையைச் சேர்த்துக் கட்டி, கால்களை ஆறடி விரித்து, பாதி உயரத்தில் குச்சியைக் குறுக்கே கட்டுங்கள். உச்சியிலிருந்து கயிற்றில் கல்லைத் தொங்கவிடுங்கள். கல் குறுக்குக் குச்சிக்குக் கீழே தொங்க வேண்டும். சட்டத்தை நிறுத்தி, கயிறு குச்சியைத் தொடும் இடத்தில் ஒரு கோடு. கால்களை இடம் மாற்றி, அதே இரு புள்ளிகளில் வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே உள்ளதுதான் மட்டம். இதைச் செய்யாமல் அளந்தால் மொத்த வேலையும் வீண். காற்றடிக்கும் நேரத்திலும் அளக்காதீர்கள், கயிறு நிற்காது.

பிறகு ஒரு காலை முளைக்குச்சியில் வைத்து, மறுகாலை மேலும் கீழும் நகர்த்தி, கயிறு நடுக்கோட்டில் நின்றதும் அங்கே அடுத்த முளை. இப்படியே கொல்லையின் மறுகோடி வரை. இந்த முளை வரிசைதான் வரப்பு போக வேண்டிய கோடு.

100 அடிக்கு 3 அடி இறக்கம் என்றால் வரப்புக்கு வரப்பு 100 அடி இடைவெளி. 2 அடி இறக்கத்துக்கு 130, 4 அடிக்கு 80. இறக்கத்தைக் கொத்தனாரின் டியூப் மட்டத்தால் (தண்ணீர் நிரப்பிய குழாய்) அளக்கலாம். வேலையை மேட்டிலிருந்து தொடங்குங்கள். கீழ் வரப்பை முதலில் போட்டால் மேலே இருந்து வரும் தண்ணீர் முழுவதும் அதன் மேல்தான் பாயும்.

வரப்பு அடியில் 5 அடி, தலையில் 1 அடி, உயரம் 2 அடி. மண் அமுங்கும் என்பதால் கால் அடி கூட்டியே போடுங்கள். அரையடிக்கு ஒருமுறை மிதித்துக் கெட்டிப்படுத்துங்கள். மண்ணை மேட்டுப்பக்கம், வரப்படியிலிருந்து ஓரடி தள்ளி வெட்டுங்கள். குழியை ஒரே நீளமாக வெட்டினால் அதுவே வாய்க்காலாகிவிடும். பத்தடிக்கு ஓரிடத்தில் மண்ணை வெட்டாமல் திண்டாக விடுங்கள். பழைய ஓடைக்கால் குறுக்கிடும் இடத்தில் அடிப்பள்ளத்தைக் கல்லும் மண்ணுமாக நிரப்பி, தலைமட்டம் ஒன்றாக வரும்வரை ஏற்றுங்கள்.

வரப்பின் ஒரு கோடியில் மூன்றடி அகலத்துக்குக் கல் பதித்த வடிகால் வேண்டும், தரையிலிருந்து ஓரடி உயரத்தில். தண்ணீர் விழும் இடத்திலும் கல் பரப்புங்கள். இது இல்லாத வரப்பு பெருமழையில் நிற்காது.

மழை பிடித்ததும் வரப்பின் மேல் கொழுக்கட்டைப் புல்லோ, அரை அடிக்கு ஒன்றாக வெட்டிவேர்த் தூரோ நடுங்கள். உழவும் விதைப்பும் வரப்பை ஒட்டி, சரிவுக்குக் குறுக்கேதான். கேழ்வரகில் துவரை கலந்தால் அறுவடைக்குப் பின்னும் நிலம் வெறுமையாகக் கிடக்காது.

ஆடிக்கு முன் எலி வளைகளை வெட்டிப் பார்த்துக் கெட்டி மண்ணால் அடையுங்கள். உடைப்பில் வெறும் மண்ணைக் கொட்டினால் அடுத்த மழையில் போய்விடும்; இருபுறமும் படிப்படியாக வெட்டி, புது மண்ணைப் பழையதோடு பிணைத்து மிதியுங்கள். முதல் பெருமழையில் மண்வெட்டியோடு கொல்லையில் இருங்கள். தண்ணீர் வழியப் பார்க்கும் இடத்தில் அப்போதே முளை அடித்துவையுங்கள்.