டிராகனுக்குக் குணம் எழுதும்போது சறுக்கும் இடங்கள்

என் கதைக்காக நான் உருவாக்கிய டிராகன் இனத்துக்குப் பெயர் சாம்பல்சிறகன். குறிப்பேட்டில் அதன் குணத்தை இப்படி எழுதி வைத்திருந்தேன்: மூர்க்கமானது, விசுவாசமானது, தன்மானம் மிக்கது. படித்த நண்பன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். “இது எத்தனை நாளைக்கு ஒருமுறை சாப்பிடும்?” என்னிடம் பதில் இல்லை.

ராசிபலன் போல நாலு குணங்களை எழுதிவிட்டு, மிருகம் தயார் என்று நினைப்பதுதான் முதல் சறுக்கல். குணம் முக்கால்வாசி வயிற்றிலிருந்துதான் வருகிறது. இந்தோனேசியாவின் கொமோடோ டிராகனையே பாருங்கள். மூன்று மீட்டர் வரை வளரும் இந்தப் பல்லி, ஒரே வேளையில் தன் எடையில் 80 சதவீதம் வரை விழுங்கக்கூடியது. தின்றபின் நாட்கணக்கில் மந்தமாகக் கிடக்கும். அப்போது பார்ப்பவர் ‘சாது’ என்று எழுதுவார்; பசியோடு மான் தடத்தில் காத்திருக்கும்போது பார்ப்பவர் ‘கொடூரம்’ என்று எழுதுவார். இரண்டும் அதே பல்லிதான்.

தாய்ப்பாசத்தையும் இப்படித்தான் யோசிக்காமல் ஒட்டிவிடுகிறோம். கொமோடோ குஞ்சுகள் முட்டையை விட்டு வந்ததும் மரமேறிவிடும். கீழே இருந்தால் பெரியவையே தின்றுவிடும். முதலையோ குஞ்சுகளை வாயில் கவ்வி, பத்திரமாகத் தண்ணீரில் கொண்டுபோய் விடும். இரண்டுமே ஊர்வனதான். ஆக, உங்கள் டிராகன் இதில் எந்தப் பக்கம் என்பதை நீங்கள்தான் முடிவு செய்தாக வேண்டும்.

அடுத்தது, சீன டிராகனின் மீசையை எடுத்து ஐரோப்பிய டிராகனின் முகத்தில் ஒட்டுவது. கலப்பது தப்பில்லை. ஆனால் இரண்டுக்கும் வேலை வேறு. சீன மரபில் அது மழைக்கும் ஆறுகளுக்கும் உரியது. மழை பொய்த்தால் டிராகன் அரசனின் சிலையைத் தூக்கிவந்து வெயிலில் வைக்கும் வழக்கம்கூட அங்கே சில ஊர்களில் இருந்தது. நீயும் கொஞ்சம் காய்ந்து பார் என்று! மனிதர்கள் உரிமையோடு கோபித்துக்கொள்ளக்கூடிய மிருகம் அது. பேவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தில் வரும் டிராகனோ முன்னூறு ஆண்டுகள் புதையலைக் காத்துக் கிடந்தது. ஒருவன் ஒரு கிண்ணத்தைத் திருடிய பிறகுதான் ஊரை எரித்தது. அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. காரணமில்லாமல் மூன்றாம் பக்கத்திலேயே கிராமத்தைக் கொளுத்தும் டிராகன்கள் எனக்கு அலுத்துவிட்டன. காரணம் கிடைக்கவில்லையா, பருவமாவது கொடுங்கள். மதம் பிடித்த ஆண் யானைக்கு நெற்றிப்பொட்டுக்கு அருகே நீர் வடியும். அந்தப் பருவம் தணிந்ததும் அது பழைய யானைதான்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ‘முட்டையிலிருந்து வளர்த்தான், அதனால் இந்த இனமே பழகிவிட்டது’ என்பது. ஒரு குட்டி பழகுவது வேறு, ஓர் இனம் பழகுவது வேறு. 1959இல் சோவியத் விஞ்ஞானி திமித்ரி பெலியாயேவ் நரிகளை வைத்து ஒரு சோதனை தொடங்கினார். மனிதரைக் கண்டு அதிகம் பயப்படாத, கடிக்க வராத நரிகளை மட்டும் தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் செய்ய விட்டார். பத்துத் தலைமுறைக்குள் நாய்க்குட்டி போல வாலாட்டும் நரிகள் பிறந்தன. நரி ஒரு வயதிலேயே குட்டி போடத் தொடங்கிவிடும். உங்கள் டிராகன் ஐம்பது வயதில்தான் முட்டையிடும் என்றால், பத்துத் தலைமுறைக்கு ஐந்நூறு ஆண்டு. அத்தனை காலம் பொறுமையாக வளர்த்தது யார்? அப்புறம், அதுவே தனிக் கதையாகிவிடும்.

சாம்பல்சிறகனைத் திருத்திவிட்டேன். நாற்பது நாளைக்கு ஒருமுறை தின்னும். முதல் பத்து நாள் பிள்ளைகள் அதன் வாலில் ஏறி விளையாடலாம். முப்பது நாள் தாண்டினால் வளர்ப்பவனே கொட்டிலுக்குள் போகமாட்டான். ‘விசுவாசமானது’ என்பதை அடித்துவிட்டேன். ‘தன்மானம் மிக்கது’ என்பதை அடிக்கத்தான் இன்னும் மனம் வரவில்லை.