மலேரியா ஆன்டிபாடியை எலியில டெஸ்ட் பண்றப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள், முக்கியமா அந்த 30 மைக்ரோலிட்டர் ரத்தம்

எங்க லேப்ல புதுசா சேர்ந்த ரெண்டு பேரு போன மாசம் அவங்களோட முதல் சேலஞ்ச் எக்ஸ்பெரிமென்ட் (ஆன்டிபாடி போட்ட எலிக்கு வேணும்னே மலேரியா ஒட்டுண்ணியை ஏத்திப் பார்க்கறது) பண்ணாங்க. பக்கத்து பெஞ்ச்ல உக்காந்து பார்த்துட்டே இருந்தேன், நான் அந்த காலத்துல பண்ண அதே தப்பு, கிட்டத்தட்ட அதே வரிசையில. அதான் எழுத உக்காந்துட்டேன். லேபிள் ஒட்ட மறக்கறது, டியூபை மாத்தி எடுக்கறது எல்லாம் இங்க சொல்லப்போறதில்ல, அதெல்லாம் ரெண்டு வாரத்துல தானா சரியாயிடும். தானா சரியாகாம வருஷக்கணக்கா கூடவே வர்ற தப்புங்க மட்டும்தான் இது.

செட்டப் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. மனுஷங்களுக்கு வர்ற மலேரியா ஒட்டுண்ணியான ஃபால்சிபாரம் சாதாரண எலியை தொத்தாது. அதனால எலிக்கு வர்ற பெர்கை ஒட்டுண்ணியில அதோட சிஎஸ்பி ஜீனை எடுத்துட்டு, ஃபால்சிபாரம் சிஎஸ்பி ஜீனை வச்ச ஸ்ட்ரெய்னை யூஸ் பண்றோம். சிஎஸ்பிங்கறது ஸ்போரோசொய்ட்டை, அதாவது கொசு கடிக்கறப்ப உள்ள வர்ற ஒட்டுண்ணி வடிவத்தை, முழுசா போர்த்திட்டு இருக்கற புரதம். ஆன்டிபாடி அதை புடிச்சிட்டா ஒட்டுண்ணி கல்லீரலுக்கு போய் சேராது. முழு ஆன்டிபாடி கூட வேணாம், ஃபேப்ங்கற, இலக்கைப் புடிக்கற துண்டை மட்டும் போட்டே எலியை காப்பாத்தலாம்னு 1980லயே காட்டிட்டாங்க.

சேலஞ்சுக்கு முன்னாடி ரத்தம் எடுக்காம விடறது

இதைத்தான் நீளமா சொல்லப்போறேன், ஏன்னா இன்னைக்கும் இதைப் பார்த்தா எனக்கு கோவம் வருது.

என்னோட முதல் பெரிய எக்ஸ்பெரிமென்ட். மூணு டோஸ், 300, 100, 30 மைக்ரோகிராம், குரூப்புக்கு ஏழு எலி. ஆன்டிபாடியை ஐபியா, அதாவது வயித்துக்குள்ள ஊசியா போட்டேன், மறுநாள் எலிக்கு அஞ்சு கொசு வச்சு கடிக்க விட்டேன். நாலாம் நாள்லேர்ந்து தினமும் வால் நுனியில ஒரு சொட்டு எடுத்து, ஸ்மியர் போட்டு (ஸ்லைடுல மெல்லிசா தேய்ச்சு), ஒட்டுண்ணி தெரியறதுக்கு ஜீம்சா ஸ்டெய்ன் பண்ணி பார்த்துட்டு வந்தேன். 300 குரூப்ல ரெண்டு எலி பாசிட்டிவ், 100ல ஒண்ணுதான். அதிகமா போட்ட குரூப்ல அதிகமா தொத்தியிருக்கு! மூணு நாள் தூக்கமில்ல, ஆன்டிபாடியில ஏதோ கோளாறு, டோஸ் கூடினா ஏதோ நடக்குதுன்னு நானே ஒரு தியரி கட்டி, ஸ்லைடெல்லாம் ரெடி பண்ணிட்டு குரூப் மீட்டிங் போனேன். எங்க சீனியர் அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "கொசு வைக்கறதுக்கு முன்னாடி ப்ளீட் பண்ணியாமா?"

பண்ணல. எவ்ளோ போட்டேன்னுதான் எனக்கே தெரியுமே, அப்புறம் எதுக்கு ரத்தம்னு நினைச்சிட்டேன்.

அந்த ரெண்டு எலிக்கு என்ன ஆச்சுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. திரும்ப பண்ணணும்னா கொசுவை வளர்க்கணும், இன்ஃபெக்ட் பண்ணணும், ஸ்போரோசொய்ட் உமிழ்நீர் சுரப்பிக்கு வர்ற வரைக்கும் மூணு வாரம் காத்திருக்கணும், அதுக்கு மேல எலிக்கு எத்திக்ஸ் கமிட்டி அனுமதி. ரெண்டரை மாசம் ஓடிடுச்சு. ரெண்டாவது தடவை கொசு வைக்கறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி ஒவ்வொரு எலிக்கும் 30 மைக்ரோலிட்டர் எடுத்து எலைசா (ரத்தத்துல ஆன்டிபாடி எவ்ளோன்னு அளக்கற டெஸ்ட்) ஓட்டினேன். 300 குரூப்ல ஆறு எலிக்கு அளவு பக்கத்து பக்கத்துல இருந்துச்சு, ஒண்ணுக்கு கிட்டத்தட்ட ஜீரோ. தொத்தினது அந்த ஒண்ணுதான். ஊசி குடலுக்குள்ள போயிருக்கு, அவ்ளோதான். ஐபி ஊசியில இது எவ்ளோ கை தேர்ந்தவங்களுக்கும் அப்பப்ப நடக்கும், வெளியில ஒண்ணுமே தெரியாது, ரத்தம் மட்டும்தான் காட்டிக்குடுக்கும்.

நம்மளை காப்பாத்தறதும் கைவிடறதும், ஸ்போரோசொய்ட் உள்ள வர்ற அந்த நேரத்துல சீரம்ல எவ்ளோ ஆன்டிபாடி இருக்குங்கறதுதான். 20 கிராம் எலியோட மொத்த ரத்தமே ஒன்றரை மில்லிலிட்டர் கிட்டதான், பிளாஸ்மா அதுல பாதி சொச்சம். 100 மைக்ரோகிராமை வால் ரத்தக்குழாயில நேரா ஏத்தினா ஆரம்பத்துல மில்லிலிட்டருக்கு நூறு மைக்ரோகிராமுக்கு மேல நிக்கும், அப்புறம் திசுக்குள்ள பரவ பரவ மறுநாளைக்குள்ள நல்லாவே இறங்கிடும். எவ்ளோ இறங்கும்ங்கறது ஆன்டிபாடிக்கு ஆன்டிபாடி மாறும். இங்கதான் ரெண்டு ஆன்டிபாடியை கம்பேர் பண்றவங்க மாட்டிக்கறாங்க. ஏ நல்லா காப்பாத்துச்சு, பி காப்பாத்தலன்னு எழுதிடறாங்க, ஆனா பி சீக்கிரம் கிளியர் ஆகி சேலஞ்ச் அன்னைக்கு பாதி அளவுலதான் இருந்திருக்கும். அப்படின்னா அது பி ஒட்டுண்ணியை புடிக்கற சக்தியைப் பத்தின ரிசல்ட்டே இல்லையே, ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பினா நல்ல ஆன்டிபாடி ஒண்ணு ஃப்ரீசர்லயே கிடந்து போயிடும்.

போன மாசம் நான் கேட்டப்ப அந்த தம்பி சொன்னான், "அக்கா, கொசு வச்சு முடிச்சதும் சாயங்காலம் எடுத்துக்கறேன், இப்ப டைம் இல்ல". கொசு ரெடியா இருக்கற அன்னைக்கு எல்லாருக்கும் அந்த அவசரம் இருக்கும், புரியுது. ஆனா முன்னாடி எடுக்கலன்னா அந்த எலிங்க எல்லாம் பாதி வீண். கண்ட்ரோல் எலிக்கும் (உங்க ஆன்டிபாடி போடாதது) ரத்தம் எடுங்க, பேக்ரவுண்ட் அதுலதான் தெரியும். எலைசால அளவை கணக்கிடற ஸ்டாண்டர்ட் கர்வுக்கு நீங்க எலிக்கு போட்ட அதே ஆன்டிபாடியை வைங்க, ஃப்ரிட்ஜ்ல இருக்கற வேற ஏதோ ஹியூமன் ஐஜிஜி (மனுஷ ஆன்டிபாடி) வேணாம். செகண்டரி, அதாவது அந்த ஆன்டிபாடியை கண்டுபிடிக்கற ரெண்டாவது ஆன்டிபாடி, எலி ஐஜிஜியோட ஒட்டாததா இருக்கணும்.

கல்லீரல்ல 90 சதவீதம் குறைஞ்சா ஜெயிச்சாச்சுன்னு நினைக்கறது

லூசிஃபெரேஸ் (லூசிஃபெரின் போட்டா ஒளிர வைக்கற என்சைம்) உள்ள ஒட்டுண்ணியை ஏத்தி, 40 மணி நேரம் கழிச்சு லூசிஃபெரின் போட்டு இமேஜ் எடுத்தா படம் ரொம்ப அழகா வரும், கண்ட்ரோல் எலி வயிறு சிவப்பா ஜொலிக்கும், ட்ரீட் பண்ணது நீலமா இருக்கும், 90 சதவீதம் குறைவுன்னு எழுதிடலாம். ஆனா பெர்கை ரத்தத்துல தினமும் கிட்டத்தட்ட பத்து மடங்கு பெருகும். பத்துல ஒரு பங்கு தப்பிச்சாலும் ஒட்டுண்ணி ஸ்மியர்ல தெரியறது ஒரு நாள் தள்ளிப்போகும், அவ்ளோதான், எலிக்கு மலேரியா வந்தே தீரும். ஒரே ஒரு கல்லீரல் செல் தப்பினாலும் அதுலேர்ந்து ஆயிரக்கணக்குல மீரோசொய்ட் (ரத்த செல்லை தாக்கற ஒட்டுண்ணி வடிவம்) வெளிய வரும். ஆன்டிபாடிகளை வரிசைப்படுத்தறதுக்கு லிவர் பர்டன் (கல்லீரல்ல இருக்கற ஒட்டுண்ணி அளவு) நல்ல டெஸ்ட்தான், நானும் பண்றேன். ஆனா "காப்பாத்துது"ன்னு எழுதணும்னா ஸ்மியர் கடைசி வரைக்கும் நெகட்டிவா இருக்கணும். (சி57 கறுப்பு எலின்னா வயித்து முடியை மழிச்சிடுங்க, கறுப்பு முடி வெளிச்சத்தை முழுங்கிடும், உங்க ஆன்டிபாடி வேலை செஞ்ச மாதிரியே தெரியும்.)

ஊசியில மட்டும் சேலஞ்ச் பண்ணிட்டு நிறுத்திக்கறது

வால் ரத்தக்குழாயில ஸ்போரோசொய்ட்டை ஏத்தினா எண்ணிக்கை கரெக்டா இருக்கும், அது பெரிய வசதி. ஆனா கொசு கடிக்கறப்ப ஸ்போரோசொய்ட் தோல்லதான் விழும், அங்க ஊர்ந்து போய் ஒரு ரத்தக்குழாயை தேடிப் புடிக்கணும், ஆன்டிபாடி அதை அங்கயே நிறுத்திடறது நிறைய. ரத்தக்குழாயில நேரா ஏத்தினா அந்த கட்டமே கிடையாது. அதனால ரெண்டையும் பண்ணுங்க. கடிக்க விட்டப்பறம் கொசு வயித்துல ரத்தம் இருக்கா, சுரப்பியில ஸ்போரோசொய்ட் இருக்கான்னு பிரிச்சுப் பாருங்க, அஞ்சு கொசு வச்சதாலயே அஞ்சு இன்ஃபெக்ட் ஆன கொசு கடிச்சதா அர்த்தமில்ல.

கண்ட்ரோல் குரூப்பை முதல்ல முடிச்சிட்டு ட்ரீட்மென்ட் குரூப்புக்கு வர்றது

ஸ்போரோசொய்ட் ஐஸ்ல இருந்தாலும் நேரமாக ஆக வீரியம் குறையும். கடைசியா ஊசி போட்ட குரூப் சும்மாவே காப்பாத்தப்பட்ட மாதிரி தெரியும். கலந்து போடுங்க, கடைசி ஊசி கண்ட்ரோலுக்கு.

பெர்கை கொசுவை 27 டிகிரியில வைக்கறது

அது ஃபால்சிபாரத்துக்கு. பெர்கைக்கு 19லேர்ந்து 21.

ஐசோடைப் கண்ட்ரோல் இல்லாம ஆரம்பிக்கறது

ஆரம்பிக்காதீங்க. ஐசோடைப் கண்ட்ரோல்னா அதே வகை ஆன்டிபாடி, ஆனா மலேரியாவைப் புடிக்காதது.

எலியில வர்ற ஹாஃப் லைஃபை (ஆன்டிபாடி பாதியா குறையற நேரம்) மனுஷனுக்கு கணக்கு போடறது

மாலில நடந்த ட்ரயல் ரிசல்ட் 2022ல வந்துச்சு, சிஐஎஸ்43எல்எஸ்ங்கற சிஎஸ்பிக்கு எதிரான ஆன்டிபாடியை கிலோவுக்கு 40 மில்லிகிராம் ஒரே தடவை ஏத்தி, ஆறு மாச சீசன்ல 88.2 சதவீதம் காப்பாத்துச்சு. அவ்ளோ நாள் நின்னதுக்கு முக்கிய காரணம் பேருல கடைசியா இருக்கற எல்எஸ், அதாவது ஆன்டிபாடியோட வால் பக்கமான எஃப்சி பகுதியில மாத்தின ரெண்டு அமினோ அமிலம். அது எஃப்சிஆர்என் ரிசெப்டரை இறுக்கமா புடிக்கறதால ஆன்டிபாடி செல்லுக்குள்ள சிதையாம திரும்ப ரத்தத்துக்கே வருது. எலியோட எஃப்சிஆர்என் மனுஷ ஐஜிஜியை ஏற்கனவே ரொம்ப இறுக்கமா புடிக்கற வகை, அதுல வர்ற நம்பரை வச்சு மனுஷனுக்கு சொல்ல முடியாது. அதோட ஒன்றரை வாரம் தாண்டினா எலி உங்க ஆன்டிபாடிக்கு எதிராவே ஆன்டிபாடி பண்ண ஆரம்பிச்சிடும், திடீர்னு லெவல் செங்குத்தா விழுந்தா அதுதான். மனுஷ எஃப்சிஆர்என் வச்ச எலி இல்லன்னா குரங்கு, வேற வழியில்ல.

ஆர்எச்5 ஆன்டிபாடியை பெர்கையில டெஸ்ட் பண்ண பார்க்கறது

ஆர்எச்5ங்கறது ஃபால்சிபாரம் ரத்த செல்லுக்குள்ள நுழைய யூஸ் பண்ற புரதம், பெர்கையில அது கிடையவே கிடையாது. ரத்தத்துல பெருகற நிலையை டெஸ்ட் பண்ண ஆவோட்டஸ் குரங்கு, இல்ல மனுஷ ரத்த செல் ஏத்தின இம்யூனிட்டி இல்லாத எலி. அந்த எலிக்கு ஆன்டிபாடிக்கு துணையா வேலை செய்யற காம்ப்ளிமென்ட் புரதங்களும் ஒழுங்கா கிடையாது, என்கேங்கற இம்யூன் செல்லும் கிடையாது. அந்த உதவியை நம்பி வேலை செய்யற ஆன்டிபாடி அதுல தோத்துப்போச்சுன்னா உடனே தூக்கிப் போட்டுடாதீங்க.

ஸ்மியரை சீக்கிரம் நிறுத்தறது, பாசிட்டிவ் வந்த எலியை அப்படியே வச்சிருக்கறது

ஏழாம் நாள் நெகட்டிவ்னா முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க, நான் 14 நாள் பார்க்கறேன், ஒன்பதாம் நாள் எட்டிப் பார்த்த எலி எனக்கே ரெண்டு இருந்திருக்கு. இன்னொரு பக்கம், பாசிட்டிவ் தெரிஞ்சதும் சிலர் சும்மா பாரசைட்டீமியா (ரத்தத்துல ஒட்டுண்ணி அளவு) எவ்ளோ ஏறுதுன்னு பார்க்கலாம்னு விட்டுடறாங்க. சி57 எலியில பெர்கையோட ஏஎன்கேஏ ஸ்ட்ரெய்ன்னா ஒரு வாரம் பத்து நாள்ல மூளை மலேரியா வரும், முடி சிலுத்துக்கிட்டு, கூண்டு மூலையில கூனிக்குறுகி உக்காந்திருக்கும், புரட்டிப் போட்டா எழுந்திரிக்க முடியாது, வலிப்பு வரும். நமக்கு வேண்டிய தகவல் ஸ்மியர்ல முதல் ஒட்டுண்ணியை பார்த்தப்பவே கிடைச்சாச்சு. ரெண்டாவது ஸ்லைடுல உறுதி பண்ணிட்டு அன்னைக்கே அந்த எலியை வலியில்லாம முடிச்சிடுங்க, மறுநாளைக்குன்னு தள்ளாதீங்க.