டிரம்ஸும் சாக்ஸபோனும் மட்டும்: தோட்டத்து மண்டபத்தில் ஒரு ஜாஸ் ஆல்பம் பதிவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் உருமி மேளம் அடிக்கும் பையன்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களில் சிலர் தேவாலயத்திலோ கல்யாணக் கச்சேரியிலோ டிரம்ஸும் வாசிப்பார்கள். பள்ளி பேண்டு குழுவில் சாக்ஸபோன் கற்ற ஒருவரும் அகப்பட்டால் ஆல்பத்துக்கு ஆள் தயார். பாஸ் வேண்டாம், கீபோர்டு வேண்டாம், ஸ்டூடியோ வாடகையும் வேண்டாம். இருவரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசித்துப் பதியும் முறையைத்தான் சொல்லப்போகிறேன். தனித்தனியாகப் பதிந்து பிறகு ஒட்டுவது இந்த இசைக்கு ஒத்துவராது என்பது என் கட்சி.

படி 1: கேளுங்கள்

சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' (1960) ஆல்பத்தில் 'கவுண்ட்டவுன்' என்ற துண்டிலிருந்து தொடங்கலாம். ஆர்ட் டெய்லரின் டிரம்ஸ் தனியாக ஆரம்பிக்கும், சாக்ஸபோன் அதன்மேல் பாயும், மற்றவர்கள் பிறகுதான் வந்து சேர்வார்கள். இரண்டரை நிமிடம்கூட ஓடாது. அடுத்து, 1980இல் சுவிட்சர்லாந்தின் வில்லிசாவ் விழாவில் டூயி ரெட்மனும் (சாக்ஸபோன்) எட் பிளாக்வெல்லும் (டிரம்ஸ்) வாசித்த பதிவு.

'இன்டர்ஸ்டெல்லர் ஸ்பேஸ்' கடைசியாக இருக்கட்டும். கோல்ட்ரேனும் டிரம்ஸ்காரர் ரஷீத் அலியும் 1967 பிப்ரவரி 22 அன்று நியூ ஜெர்சியின் வான் கெல்டர் ஸ்டூடியோவில் பதிந்தது அது. அதே ஆண்டு ஜூலையில் கோல்ட்ரேன் காலமானார். ஆல்பம் 1974இல்தான் வெளிவந்தது. முதல் தடவை தலை சுற்றும். சுற்றட்டும்.

படி 2: ஆதாரத்தை முடிவு செய்யுங்கள்

நமக்குத் தெரிந்த ஜோடி நாதஸ்வரமும் தவிலும். அங்கே ஒத்தோ சுருதிப்பெட்டியோ பின்னால் ஒலித்துக்கொண்டே இருக்கும். இங்கே சுருதியைப் பிடித்துவைக்க ஆளே கிடையாது. அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் சாக்ஸபோன்காரர் ஒரு சுரத்தை ஆதாரமாக வைத்துக்கொண்டு அடிக்கடி அதைத் தொட்டுவிட்டுப் போகவேண்டும். கேட்பவருக்கும் டிரம்ஸ்காரருக்கும் அதுதான் பிடிமானம்.

கீழ்க்குரல் டிரம்ஸின் பொறுப்பு. கடன் வாங்கிய டிரம்ஸாக இருந்தால் காலால் அடிக்கும் பெரிய கிக் டிரமுக்குள் யாரோ ஒரு தலையணையைத் திணித்திருப்பார்கள். அதை வெளியே எடுங்கள். தோலில் ஒரு மடித்த துணி மட்டும் லேசாக ஒட்டினால் போதும். 'தொப்' என்று செத்துப்போகாமல் 'டூம்ம்' என்று நீளவேண்டும். டாம் எனும் மற்ற டிரம்களையும் அப்படியே திறந்த ஒலிக்குச் சுருதி கூட்டுங்கள்: எதிரெதிர்த் திருகுகளை மாற்றி மாற்றிக் கால் சுற்று திருப்பி, ஒவ்வொரு திருகருகிலும் விரலால் தட்டி, எல்லா இடத்திலும் ஒரே ஒலி வருகிறதா என்று பாருங்கள். இந்த வேலைக்கு ஒரு மணி நேரம் போனாலும் தகும்.

படி 3: மண்டபம், நேரம்

தகரக் கூரை மண்டபம் என்றால் காலையிலேயே முடித்துவிடுங்கள். மத்தியான மழை பிடித்துக்கொண்டால் அன்றைய பதிவு அவ்வளவுதான். ரயில் பாதை பக்கத்தில் இருந்தால் வண்டி நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். "அண்ணே, கொஞ்சம் ஃபேனை அடைச்சிருங்க" என்று பொறுப்பாளரிடம் கேட்டுவிடுவது நல்லது. சுழலும் விசிறி சாக்ஸபோனின் நீண்ட சுரங்களை நடுங்கவைக்கும். டிரம்ஸுக்கு அடியில் கம்பளம், பின்சுவரில் பழைய மெத்தை. வேறு அலங்காரம் தேவையில்லை.

வெக்கையில் சாக்ஸபோனின் சுருதி ஏறும். கால் மணி நேரம் வாசித்துச் சூடான பிறகு டியூனரில் பார்த்து, ஏறியிருந்தால் மவுத்பீஸைச் சற்று வெளியே இழுங்கள்.

படி 4: இரண்டு மைக்

இரண்டு உள்ளீடு உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), ஒரு மடிக்கணினி, இரண்டு மைக். டிரம்ஸுக்குக் கண்டென்சர் மைக். அதற்கு மின்சாரம் போக இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பொத்தானை அழுத்தவேண்டும். ஸ்னேர் டிரமுக்கு மேலே சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் நிறுத்துங்கள். சிம்பல் மட்டும் முந்திக்கொண்டு கேட்டால் மைக்கை டிரம்ஸ்காரரின் தலைப்பக்கம் நகர்த்துங்கள்.

சாக்ஸபோனுக்கு மேடையில் பாடுகிறவர்கள் பிடிக்கும் டைனமிக் மைக்கே போதும். புதியவர்கள் அதைக் குழலின் விரிந்த வாய்க்குள் நீட்டிவிடுகிறார்கள். கீழ்ச்சுரங்கள்தான் அந்த வாய் வழியாக முழுசாக வரும். மற்றவை பெரும்பாலும் திறந்திருக்கும் துளைகளிலிருந்தே எழும்புகின்றன. ஆகவே 40 சென்டிமீட்டர் தள்ளி, வாய்க்கும் சாவிகளுக்கும் நடுவே குறி வையுங்கள்.

இருவரும் எதிரெதிரே, மூன்று மீட்டர் இடைவெளியில். சாக்ஸபோன் மைக்கின் முதுகு டிரம்ஸைப் பார்க்கட்டும். அப்படியும் டிரம்ஸ் அதில் விழும், சுமார் 9 மில்லி விநாடி தாமதமாக. அதைத் துடைக்க நினைக்காதீர்கள். இரண்டே வாத்தியம் உள்ள ஆல்பத்துக்கு அறையின் ஆழம் அங்கிருந்துதான் வருகிறது. 24 பிட்டில் பதியுங்கள்; உச்ச அளவு -12 டெசிபெல் பக்கம் நிற்கட்டும், டிரம்ஸ்காரர் உற்சாகத்தில் எப்படியும் கூட்டிவிடுவார்.

படி 5: வாசியுங்கள்

ஹெட்போனும் மெட்ரோனோமும் வேண்டாம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு விதி போதும். ஒன்றில் டிரம்ஸுக்குக் குச்சி இல்லாமல் பிரஷ் மட்டும். இன்னொன்றில் சாக்ஸபோனுக்கு மூன்றே சுரம். மற்றொன்றில் ஆளுக்கு நான்கு 'பார்' (தாளச் சுற்று) மாறி மாறி. இது ஜாஸில் பழைய வழக்கம், நம் ஊர்க்காரர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். உருமி அடித்த கைக்குத் தெரிந்த நடை எதையாவது டிரம்ஸில் கொண்டுவரலாம். தொடங்குவதும் முடிப்பதும் கண் ஜாடையில். கடைசி சிம்பல் அடங்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

படி 6: கோர்த்தல்

டிரம்ஸ் நடுவில், சாக்ஸபோன் சற்றே ஒரு பக்கம். முழுக்க இடம், முழுக்க வலம் என்று பிரித்தால் இருவரும் வேறு வேறு அறையில் இருப்பதுபோல் கேட்கும். எதிரொலி சேர்க்காதீர்கள், மண்டபத்திலேயே அது இருக்கிறது. மொத்தம் 35 முதல் 40 நிமிடம் வந்தால் போதும். வேகமான துண்டுகளை அடுத்தடுத்துப் போடாதீர்கள்.

பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் ஏற்றும்போது ஒலித்தரம் குறையாத வாவ் (WAV) அல்லது ஃபிளாக் (FLAC) கோப்பாக ஏற்றுங்கள். இருவரின் பெயரையும் ஒரே அளவில் போடுங்கள். பதிந்த இடமும் தேதியும் இருக்கட்டும். மூலக் கோப்புகளை இன்னொரு டிரைவில் நகலெடுத்த பிறகே மடிக்கணினியில் அழியுங்கள்.