'படம் சூப்பர்' என்று மட்டும் எழுதாதீர்கள்: மாணவர் நாட்குறிப்பில் வரும் தவறுகள்

மாணவர்கள் எழுதும் நாட்குறிப்பைப் புரட்டினால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "படம் சூப்பர். பரீட்சை சொதப்பல். அவன் மாறிட்டான். அரசியல்வாதிங்க எல்லாரும் ஒண்ணுதான்." நாலு வரி, நாலு தீர்ப்பு. எழுதுகிற அன்று இதுவே போதும் என்று தோன்றும், ஏனென்றால் நடந்தது முழுக்க மண்டைக்குள் இருக்கிறது. ஆறு மாதம் கழித்துப் படித்தால் தீர்ப்பு மட்டும் நிற்கும். எதைப் பார்த்து அப்படிச் சொன்னோம் என்பது போயிருக்கும். எந்தப் படம் என்பதுகூடப் பிடிபடாது. பலர் சில வாரங்களிலேயே எழுதுவதை விட்டுவிடுகிறார்கள் என்றால், திரும்பப் படிக்க அதில் ஒன்றும் இல்லை என்பதுதான் பெரிய காரணம்.

தீர்ப்பு எழுதுவதில் தப்பில்லை. அதற்குக் காரணமான காட்சியையும் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். கீழே வரும் எல்லாமே இதன் கிளைகள்தான்.

"அப்புறம் எழுதிக்கலாம், எல்லாம் ஞாபகம் இருக்கும்" என்பது முதல் ஏமாற்றம். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியது. அந்தச் செய்தியை எங்கே, யார் சொல்லி, என்ன செய்துகொண்டிருந்தபோது கேட்டீர்கள் என்று மறுநாள் காலையிலேயே அங்குள்ள எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம் எழுதி வாங்கினார்கள். சுமார் இரண்டரை ஆண்டு கழித்து அதே மாணவர்களில் 44 பேரிடம் உல்ரிக் நைசர், நிக்கோல் ஹார்ஷ் என்ற இரு உளவியலாளர்களும் மறுபடி கேட்டார்கள். நான்கில் ஒருவருக்கு முக்கிய விவரம் ஒன்றுகூட முதலில் எழுதியதோடு ஒத்துப்போகவில்லை. தவறாகச் சொன்னவர்களில் பலர் துளியும் சந்தேகமில்லாமல் சொன்னார்கள். அவ்வளவு பெரிய செய்திக்கே இந்தக் கதி என்றால், போன மாதம் தோழியிடம் பேசிய பேச்சு எப்படி அப்படியே நிற்கும்? அன்றைக்கே 10 நிமிடம் எழுதுங்கள். நேரமே இல்லாத நாளில் தேதியும் மூன்று சொல்லும் போதும், மறுநாள் விரித்துக்கொள்ளலாம். தேதியில் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். "திங்கள் இரவு" என்று மட்டும் எழுதிய பக்கம் அடுத்த வருடம் எதற்கும் உதவாது.

படத்தைப் பற்றி எழுதும்போது கதைச் சுருக்கம் வேண்டாம். கதை எங்கும் கிடைக்கும். உங்களுக்கு எந்த இடத்தில் தொண்டை அடைத்தது என்பது வேறெங்கும் கிடைக்காது. ஒரே ஒரு காட்சி, ஐந்து வரி. "இடைவேளைக்குச் சற்று முன். அவள் கதவைத் திறக்கவில்லை. கேமரா வெளியிலேயே நின்றது. இசை இல்லை, மின்விசிறிச் சத்தம் மட்டும்." இதற்குக் கீழே "சூப்பர்" என்று எழுதினால் அந்தச் சொல்லுக்கு ஒரு கனம் வந்துவிடும். விமர்சனங்களைப் படிப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். பத்து பேர் கருத்தைக் கேட்ட பிறகு எழுதினால், எது நம்முடையது, எது ஒட்டிக்கொண்டது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

தேர்வுப் பக்கத்தில்தான் அதிகம் வீணாகிறது. "சொதப்பல்" என்ற சொல்லை வைத்துக்கொண்டு அடுத்த தேர்வுக்கு ஒன்றும் செய்ய முடியாது. மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும், நண்பர்களோடு விடைகளை ஒப்பிடுவதற்கு முன்பே, கேள்வி எண்ணைப் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பிட்டுவிட்டால் அவர்கள் போட்ட விடை உங்கள் நினைவில் கலந்துவிடும். ஒரு கணிதத் தேர்வுக்கான குறிப்பு இப்படி இருக்கலாம்: "7ஆம் கேள்வி, 4 மதிப்பெண், 22 நிமிடம் ஆனது. மூன்றாம் வரியில் கழித்தல் குறியை விட்டுவிட்டேன். கடைசியில் விடை பொருந்தாததால் முழுவதும் அடித்துவிட்டு மறுபடி போட்டேன்." இப்போது கணக்குப் பாருங்கள். 3 மணி நேரம், 100 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம். 4 மதிப்பெண் கேள்விக்கு 7 நிமிடம்தான். கூடுதலாகப் போன 15 நிமிடம், வேறு 8 மதிப்பெண்ணுக்கு உரியது. பாடம் தெரியாததால் போன மதிப்பெண் அல்ல இது. மறுபடி முழுப் பாடத்தையும் படிப்பதால் இது சரியாகாது. மூன்று வரிக்கு ஒருமுறை குறியைச் சரிபார்ப்பதும், 10 நிமிடம் தாண்டினால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவதும்தான் மருந்து.

அதனால் இழந்த ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள்: தெரியாதது, தெரிந்தும் தவறியது, நேரம் போதாதது. மூன்று தேர்வு முடிந்ததும் எந்தக் குறி அதிகம் என்று எண்ணிப் பாருங்கள். எவ்வளவு மதிப்பெண் வரும் என்று நினைக்கிறீர்களோ அதையும் அன்றே எழுதிவையுங்கள். முடிவு வந்ததும் பக்கத்தில் உண்மை எண்ணைப் போட்டால், உங்கள் கணிப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிந்துவிடும்.

"இன்று 5 மணி நேரம் படித்தேன்" என்பதும் இதே வகைப் பிழை. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்பதை மட்டுமே அது சொல்கிறது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு பகுதியை இரண்டு முறை படித்த மாணவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதில் 42 சதவீதம் நினைவிருந்தது. ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். ஆனால் படித்த ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது, இருமுறை படித்தவர்களே சற்று முன்னால் இருந்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தால் எல்லாம் தெரிந்ததுபோல் இருப்பது இதனால்தான். நாட்குறிப்பில் மணிக்கணக்கை எழுதுவதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் இருப்பதை ஏழெட்டு வரி எழுதுங்கள். எது வரவில்லையோ அதற்கு இடம் விட்டுவிடுங்கள். நாளைய பாடம் அந்தக் காலியிடம்தான்.

உறவுகளைப் பற்றி எழுதும்போது நடந்ததும் நாம் நினைத்துக்கொண்டதும் ஒரே வரியில் கலந்துவிடுகின்றன. "அவன் என்னை மதிக்கவே இல்லை" என்று எழுதினால் நாளைக்குப் பேசக்கூட வழி இருக்காது. பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம்: "நான் பேசும்போது மூன்று முறை ஃபோனைப் பார்த்தான். 'அப்புறம் பேசலாம்' என்றான்." வலப்பக்கம்: "என் பேச்சு அவனுக்கு முக்கியமில்லை என்று தோன்றியது." இடப்பக்கத்துக்கு வேறு இரண்டு காரணமாவது யோசித்து எழுதிப் பார்த்தால் கோபம் கொஞ்சம் இறங்கும். கோபத்தில் எழுதியதை அப்படியே குறுஞ்செய்தியாக அனுப்பிவிடாதீர்கள். ஒரு ராத்திரி நோட்டிலேயே தங்கட்டும்.

ஒரே குறையை அதே வார்த்தைகளில் நாலாவது நாளும் எழுதுகிறீர்கள் என்றால் அது வெறும் புலம்பலாகிவிட்டது. கேள்வியை மாற்றுங்கள்: "நான் எதைக் கேட்டிருக்கலாம்?" என்று தொடங்குங்கள். பென்னிபேக்கர், பீல் என்ற உளவியலாளர்கள் 1986இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்கள் மனதை உலுக்கிய நிகழ்வுகளை 4 நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். நடந்ததோடு உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் மருத்துவ மையத்துக்குக் குறைவாகவே போனார்கள். ஆனால் எழுதி முடித்தவுடன் அவர்கள் மனநிலை இன்னும் சோர்ந்திருந்தது. அதனால் இப்படிப்பட்ட பக்கங்களைத் தூங்கப்போகும் நேரத்தில் எழுதாதீர்கள். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்தால் நோட்டு போதாது. உடனே நம்பகமான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

அரசியல் பக்கத்தில் "நான் அப்பவே சொன்னேன்" என்பதுதான் பெரிய வலை. 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் போவதற்கு முன், என்னென்ன நடக்கும் என்று மாணவர்களைக் கணிக்கச் சொன்னார்கள் பாரூக் ஃபிஷாஃப், ரூத் பேய்த் என்ற இரு உளவியல் ஆய்வாளர்களும். பயணங்கள் முடிந்த பிறகு, முன்பு எவ்வளவு சாத்தியம் என்று சொன்னீர்கள் என நினைவுகூரச் சொன்னபோது, நடந்தேறியவற்றுக்கு உண்மையில் கொடுத்ததைவிட அதிக சாத்தியம் கொடுத்ததாகவே பலருக்கு ஞாபகம். ஆகவே கணிப்பை எண்ணோடும் கெடுவோடும் எழுதுங்கள்: "இந்த மசோதா மார்ச் 31க்குள் நிறைவேறும், 70 சதவீதம்." செய்தியை எங்கே பார்த்தீர்கள் என்பதையும் குறியுங்கள். அடிக்கடி கேட்டாலே பொய்யும் உண்மைபோல் ஒலிக்கும். ஐந்து இடத்தில் பார்த்த செய்திக்கு மூலம் ஒன்றே என்பது எழுதும்போதுதான் கண்ணில் படும்.

இன்னொருவர் உங்களை நம்பிச் சொன்ன ரகசியத்தை எழுதாதீர்கள். முதலெழுத்து மட்டும் போட்டாலும் வீட்டில் உள்ளவர்களுக்கு ஆள் புரிந்துவிடும். ஃபோன் செயலியில் எழுதுகிறவர்கள், அது வேறு சாதனங்களிலும் தானாகத் திறக்கிறதா என்று அமைப்புகளில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மாதம் ஒருமுறை பழைய பக்கங்களைப் படிக்கும்போது வெட்கமாக இருக்கிறதே என்று கிழிக்கவோ, அடித்துத் திருத்தவோ வேண்டாம். ஓரத்தில் இரண்டு விரல் அகலம் எப்போதும் காலியாக விட்டிருந்தால், வேறு நிற மையில் இன்றைய தேதியைப் போட்டு, இப்போது தோன்றுவதை அங்கே எழுதிக்கொள்ளலாம்.