மனிதப் புதைபடிவம் என்று சொல்லப்படும் எலும்பைச் சோதிக்கும் முறை

குமரிக் கடலோரத்தில் ராட்சத மனித எலும்புக்கூடு கிடைத்ததாக ஒரு படம் உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தால், எலும்பைப் பார்ப்பதற்கு முன் அது கிடைத்த மண்ணைப் பற்றிக் கேளுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்து மலைகள் பெரும்பாலும் சார்னோக்கைட், கோண்டலைட் போன்ற பாறைகளால் ஆனவை. மனித இனம் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய அப்பாறைகளுக்குள் மனித எலும்பு இருக்க வழியில்லை. ஆகவே குவாரியில் பாறையைப் பிளந்தபோது கிடைத்தது என்றால் விசாரணை அங்கேயே முடிந்துவிடும். தேரி மணல் (செம்மணல் மேடு), ஆற்று வண்டல் என்றால் மட்டும் மேலே கேட்கலாம்.

எந்த மண்ணடுக்கில், யார் முன்னிலையில் எடுத்தார்கள், வேறு யாரையெல்லாம் மூல எலும்பைச் சோதிக்க விட்டார்கள் என்பவை அடுத்த கேள்விகள். இவற்றைக் கேட்காததால்தான் பில்ட்டவுன் மனிதன் நாற்பது ஆண்டுகள் நிலைத்தான். 1912 டிசம்பரில் புதைபடிவ ஆர்வலர் சார்லஸ் டாசனும் புவியியலாளர் ஆர்தர் ஸ்மித் உட்வர்டும் லண்டனில் அறிவித்த அந்த 'ஆதிமனிதன்', மனித மண்டையோட்டுத் துண்டுகளோடு ஒராங்குட்டானின் தாடையைச் சேர்த்து, பற்களை அரத்தால் தேய்த்து, பழமையாகத் தெரியச் சாயமேற்றி, இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் மாவட்டச் சரளைக் குழியில் இடப்பட்ட போலி. எலும்பு மண்ணிலிருந்து சிறுகச் சிறுக உறிஞ்சும் ஃபுளோரின் என்ற தனிமத்தை அளந்தபோது, பழைய எலும்புக்கு அது மிகக் குறைவாக இருந்ததால் ஐயம் வலுத்தது. 1953இல் ஓக்லி, வீனர், லே குரோ கிளார்க் என்ற விஞ்ஞானிகள் மூவரும் மோசடியை நிறுவினர். டாசன் 1916இல் இறந்தபின் அங்கே எதுவும் கிடைக்கவில்லை என்பதே அதற்கு முன் பலரை உறுத்தியிருக்க வேண்டும்.

பிறகு, இது உண்மையானால் யாருக்கு என்ன கிடைக்கும் என்று பாருங்கள். 1869இல் நியூயார்க் மாநிலத்தில் 'கல்லாகிப்போன ராட்சதன்' என்று, முந்தைய ஆண்டே புதைத்து வைத்த ஜிப்சம் சிலையைத் தோண்டியெடுக்க வைத்த ஜார்ஜ் ஹல் தரப்புக்குப் பார்வைக் கட்டணமாகக் காசு சேர்ந்தது. டாசன் விரும்பியது பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினர் பதவியை. ஆனால் ஏமாற்றுபவரின் ஆசையைவிட ஏற்பவரின் ஆசையே எனக்குக் கவலை தருகிறது. முதல் மனிதன் தங்கள் நாட்டில் பிறந்திருக்க வேண்டும் என்ற ஆங்கிலேயரின் விருப்பமும், ஆதிமனிதனுக்கு மூளைதான் முதலில் வளர்ந்திருக்கும் என்ற முன்முடிவும் அந்தப் போலிக்கு இடம் கொடுத்தன. 1925இல் ரேமண்ட் டார்ட் அறிவித்த, தென்னாப்பிரிக்காவில் கிடைத்த சிறிய மூளையுள்ள ஆதிமனித உறவினமான 'டாங் குழந்தை'யின் உண்மையான மண்டையோடு புறக்கணிக்கப்பட அதுவும் ஒரு காரணம். குமரிக்கண்டத்தின்மேல் பற்றுள்ள நாம், நமக்கு மகிழ்ச்சி தரும் எலும்பையே இருமடங்கு கடுமையாகச் சோதிக்க வேண்டும்.

கிணறு வெட்டும்போதோ ரப்பர் தோட்டத்தில் குழி எடுக்கும்போதோ எலும்பு தட்டுப்பட்டால், அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுத்து, எலும்பை அசைக்காமல், கிராம நிர்வாக அலுவலரிடமும் காவல் நிலையத்திலும் தெரிவியுங்கள். கழுவவோ வார்னிஷ் பூசவோ வேண்டாம்: எலும்பை உறுதியாக்க டைக்குரோமேட் என்ற வேதிப்பொருளின் கரைசலில் நனைத்ததாக டாசன் சொன்ன விளக்கம், சாயமேற்றியதை மறைக்க உதவியது.